கனமான படகு டிரெய்லருக்கு எந்த ஹிட்ச்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்கோ ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கியதும் என் தொலைபேசிக்கும் வேலை வந்துவிடும். பதினான்கடி அலுமினியப் படகில் மீன்பிடிக்கத் தொடங்கிய நண்பர்கள் சிலர் இப்போது 24 அடி ஃபைபர் படகு வரை வந்துவிட்டார்கள். “அண்ணா, எந்த ஹிட்ச் வாங்குவது?” என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. ஹிட்ச் என்றால் வண்டியையும் டிரெய்லரையும் கோக்கும் இணைப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். இது கனடாவின் ஒன்டாரியோவில் பிக்கப் அல்லது பெரிய எஸ்யூவியில் இரட்டை அச்சு டிரெய்லரை இழுப்பவர்களுக்கானது. எடைகளைப் பவுண்டில் தருகிறேன். இங்கே இரும்பில் பொறித்திருப்பதும் அதுதான். ஒரு கிலோ ஏறக்குறைய 2.2 பவுண்டு.

கடையில் இருப்பதிலேயே பெரிய ஹிட்சை வாங்கி மாட்டிவிட்டால் கவலை இல்லைதானே?

கவலை அப்படியேதான் இருக்கும், பணம்தான் குறையும். வண்டி, அதன் அடியில் பூட்டிய ரிசீவர் என்ற சதுரத் துளைச் சட்டம், ரிசீவருக்குள் நுழையும் பால் மவுண்ட் என்ற தண்டு, அதை நிறுத்தும் பின் என்ற ஆணி, தண்டின்மேல் நிற்கும் பால் என்ற இரும்புக் குண்டு, அந்தக் குண்டைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளர், காப்புச் சங்கிலிகள் என்று பாரம் வரிசையாகக் கைமாறிப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறித்திருக்கும். அவற்றுள் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. 7,000 பவுண்டு இழுக்கத் தகுதியுள்ள வண்டியில் 16,000 பவுண்டு ரிசீவரைப் பூட்டினாலும் அது 7,000 பவுண்டு வண்டிதான்.

கிளாஸ் 1, 2, 3 என்கிறார்களே, அவை என்ன?

தோராயமாக இப்படி: கிளாஸ் 1 என்றால் 2,000 பவுண்டு, கிளாஸ் 2 என்றால் 3,500. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குல ரிசீவர் துளை. இரண்டையும் நம் பேச்சிலிருந்து விலக்கிவிடலாம். கிளாஸ் 3 இரண்டு அங்குலத் துளையோடு 8,000 பவுண்டு வரையும், கிளாஸ் 4 அதே துளையோடு 10,000 வரையும் போகும். கிளாஸ் 5 அதற்கும் மேல். துளை இரண்டு அல்லது இரண்டரை அங்குலம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த எல்லைகள் சற்று மாறும். ஆகவே கிளாஸ் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள்.

என் படகு 4,000 பவுண்டு என்று கையேட்டில் இருக்கிறது. கிளாஸ் 3 தாராளம் அல்லவா?

அந்த 4,000 எதற்கு என்று கையேட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். எஞ்சினைப் பின்பலகைக்கு வெளியே தொங்கவிடும் அவுட்போர்டு படகுகளில் அது பெரும்பாலும் எஞ்சின் இல்லாத வெறும் உடலின் எடை. நண்பர் ஒருவரின் படகுக்கு நானும் அவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது: உடல் 4,000. 250 குதிரைத்திறன் அவுட்போர்டு சுமார் 550. பெட்ரோல் 300 லிட்டர், லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆக 490. இரண்டு பேட்டரி 110. நங்கூரம், சங்கிலி, கயிறுகள், மிதவை அங்கிகள், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்து 300. டிரெய்லர் 1,400. கூட்டினால் 6,850 பவுண்டு. மூன்று டன்னைத் தாண்டிவிட்டது.

நண்பர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு ஐஸ் பெட்டியைக் கழித்துப் பார்க்கச் சொன்னார்.

கணக்கு வேண்டாம், உண்மையான எடையை எங்கே பார்ப்பது?

நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் ‘கேட் ஸ்கேல்’ எடைமேடைகள் இருக்கின்றன. மேடை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். வண்டியின் முன் அச்சு ஒன்றிலும், பின் அச்சு அடுத்ததிலும், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி ஏற்றுங்கள். சீட்டை வாங்கிக்கொண்டு, டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். முதல் சீட்டின் மொத்தத்திலிருந்து இரண்டாவதன் மொத்தத்தைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை கிடைக்கும். முதல் சீட்டில் வண்டியின் இரண்டு அச்சுகளையும் மட்டும் கூட்டி, அதிலிருந்து வண்டியின் தனி எடையைக் கழித்தால் ஹிட்சின்மேல் உட்காரும் பாரம் தெரியும். ஹிட்ச் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் வாங்கிய பிறகு செய்கிறார்கள்.

ஹிட்சின்மேல் உட்காரும் பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கும். இங்கே மாட்டின் இடத்தில் பிக்கப். அவ்வளவுதான் வேறுபாடு. ஆங்கிலத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு, நான் முன்பாரம் என்றே சொல்கிறேன்.

சாதாரண டிரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் என்பது வழக்கம். படகின் கனம் எஞ்சினோடு பின்னால் இருப்பதால், படகு டிரெய்லர் செய்கிறவர்களில் பலர் 5 முதல் 10 விழுக்காடு போதும் என்கிறார்கள். உங்கள் டிரெய்லரின் கையேடும் வண்டியின் கையேடும் இரண்டும் ஒப்புக்கொள்ளும் எண்ணைப் பிடியுங்கள். கனமான படகுக்கு நான் பத்தை ஒட்டியே வைத்துக்கொள்கிறேன். முன்பாரம் குறைந்த டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டும். 400-ஆம் நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்துபோகும்போது அந்த வாலாட்டம் தொடங்கினால் கையில் வியர்த்துவிடும்.

வீட்டில் அளக்க ஒரு வழி உண்டு. நம் 6,850-இல் பத்து விழுக்காடு 685 பவுண்டு, குளியலறை எடைக்கருவி அதைத் தாங்காது. ஆகவே ஒரு கனமான மரச்சட்டத்தை எடுத்து, ஒரு முனையை அதே உயரத்துக் கல்லின்மேலும் மறுமுனையை எடைக்கருவியின்மேலும் வையுங்கள். இரண்டு தாங்குமிடங்களுக்கும் நடுவே மூன்றடி இருக்கட்டும். கல்லிலிருந்து ஓரடி தள்ளி கப்ளரைச் சட்டத்தின்மேல் இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். சட்டத்தின் எடையை முதலிலேயே கழித்துவிட மறக்காதீர்கள். சக்கரங்களுக்கு அணை கொடுத்துவிட்டுச் செய்யுங்கள், காலைச் சட்டத்தின் அடியில் நீட்டாதீர்கள்.

முன்பாரம் போதவில்லை என்றால் படகை முன்னால் இழுத்துவிடலாமே என்று தோன்றும். படகின் பின்பலகை, டிரெய்லரின் தாங்குபலகை முடியும் இடத்துக்கு நேர்மேலே உட்கார வேண்டும். எஞ்சின் தொங்குவது அந்தப் பின்பலகையில்தான். படகை நகர்த்தினால் அந்தப் பொருத்தம் கெடும். அதற்குப் பதிலாக டிரெய்லர் சட்டத்தில் யூ வடிவ போல்ட்டுகளால் பிடித்திருக்கும் அச்சைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைப்பதே சரியான முறை. ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள்.

ரிசீவரில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு எடைகள் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். பல பிக்கப்களில் ‘எடை தாங்கும்’ முறைக்கு 5,000 பவுண்டு, முன்பாரம் 500 என்று ஒரு வரியும், ‘எடைப் பகிர்வு’ முறைக்கு 10,000, முன்பாரம் 1,000 என்று இன்னொரு வரியும் இருக்கும். விளம்பரத்தில் வருவது இரண்டாவது. சாதாரண பால் மவுண்டைச் செருகி இழுப்பவருக்கு உரியது முதலாவது. நம் 6,850 பவுண்டு படகை அந்த வண்டியில் வெறும் பால் மவுண்டில் இழுப்பது, ரிசீவர் எவ்வளவு தடித்திருந்தாலும், எல்லை மீறல்தான். புதிய பெரிய பிக்கப்கள் சிலவற்றில் முதல் வரியே தாராளமாக இருக்கிறது. மறுபக்கம், எடைப் பகிர்வு ஹிட்சையே மாட்டக் கூடாது என்று சொல்லும் எஸ்யூவிகளும் உண்டு. குனிந்து தாளைப் படியுங்கள், கையேட்டையும் திறந்து பாருங்கள்.

எடைப் பகிர்வு ஹிட்ச் என்னதான் செய்கிறது?

685 பவுண்டு முன்பாரம் பின் அச்சுக்கு ஐந்தடி பின்னால் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அச்சுகளுக்கு இடையே பன்னிரண்டு அடி. நெம்புகோல் கணக்கில் முன் அச்சிலிருந்து சுமார் 285 பவுண்டு எழும்பிவிடுகிறது, பின் அச்சில் ஏறுவது 685 அல்ல, 970. திருப்புகிற சக்கரமும் பிரேக்கின் பெரும்பங்கைச் செய்கிற சக்கரமும் முன்னால் இருப்பவை. அவைதான் இலேசாகின்றன. இரவில் எதிரே வருகிறவர் உங்கள் முகப்பு விளக்கைத் திட்டுவதும் இதனால்தான்.

எடைப் பகிர்வு ஹிட்சில் பாலின் இரு பக்கமும் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லரின் முன்னே நீளும் ஏர்க்காலை ஒட்டிப் பின்னோக்கிப் போகும். அவற்றை இறுக்கி மாட்டும்போது, தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்குவது போல வண்டியின் பின்புறம் தூக்கப்படுகிறது. பின் அச்சில் ஏறிய எடையில் ஒரு பங்கு முன் அச்சுக்குத் திரும்புகிறது, ஒரு பங்கு டிரெய்லர் அச்சுகளுக்குப் போகிறது.

அப்படியானால் எல்லாரும் அதையே வாங்கிவிடலாமே?

வீடு டிரெய்லர் வைத்திருப்பவர் வாங்கலாம். படகுக்காரருக்கு வில்லங்கம் அவருடைய பிரேக்கில் இருக்கிறது.

படகு டிரெய்லரை நீரில் முக்குவதால் மின்சார டிரம் பிரேக்கைத் தவிர்த்து சர்ஜ் பிரேக் எனப்படும் ஹைட்ராலிக் பிரேக்கையே பெரும்பாலும் வைக்கிறார்கள். அது வண்டியோடு மின்சாரத்தால் பேசுவதில்லை. கப்ளர் இருக்கும் முகப்பு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு இரும்புக் கூடுகளால் ஆனது. நீங்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்ததும், பின்னால் வரும் டிரெய்லர் முன்னே முட்டுகிறது. உள்கூடு ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ நழுவி, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. டிரெய்லரின் சக்கரங்கள் பிடிக்கின்றன. அந்த நழுவல்தான் பிரேக்குக்கு உயிர்.

எடைப் பகிர்வு ஹிட்சின் கம்பிகள் வண்டியையும் ஏர்க்காலையும் இறுக்கிப் பிடிப்பவை. நழுவ வேண்டிய கூட்டை அவை நழுவவிடாமல் செய்தால் டிரெய்லர் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். மூன்று டன்னும் உங்கள் வண்டியின் பிரேக்கில் வந்து விழும். சர்ஜ் பிரேக்கோடு ஒத்துப்போகும்படி செய்த ஹிட்சுகளும் உண்டு. ஆனால் ஹிட்ச் செய்தவர் மட்டும் ‘சரி’ என்று சொன்னால் போதாது, டிரெய்லரின் பிரேக் முகப்பைச் செய்தவரும் சொல்ல வேண்டும். இரண்டு பேரின் ‘சரி’யும் எழுத்தில் இருந்தால் வாங்குங்கள்.

இன்னொரு சிக்கல் வடிவம். ஸ்பிரிங் கம்பியைப் பிடிக்கும் தாங்கிகள் ‘ஏ’ வடிவ ஏர்க்காலுக்கு ஏற்றவை. பல படகு டிரெய்லர்களில் ஏர்க்கால் ஒற்றைத் தடி, சிலவற்றில் கீல் வைத்து மடக்கும் தடி. நேர்த்தடிக்கான தாங்கிகள் தனியாகக் கிடைக்கின்றன, மடக்கும் தடியில் கீலுக்கு எந்தப் பக்கம் மாட்டுவது என்பதைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.

ஆக, 500 பவுண்டு முன்பாரத்தோடு முடிந்துவிடுகிற ரிசீவர் உங்களுடையது என்றால் வழிகள் மூன்று. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் எடைப் பகிர்வு ஹிட்ச் ஒன்று. சர்ஜ் முகப்பை எடுத்துவிட்டு, வண்டிக்குள்ளிருந்து மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பம்பு வைப்பது இன்னொன்று: செலவு கூடுதல், ஆனால் நழுவும் கூடு என்ற பேச்சே போய்விடும். மூன்றாவது, முதல் வரியிலேயே 7,000-க்கு மேல் எழுதியிருக்கும் வண்டி. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், மழைநாளில் இறக்கத்தில் பிரேக் என் காலுக்குக் கீழே இருக்கிறது என்ற நம்பிக்கைக்காக.

வீட்டு முற்றத்தில் பின்னோக்கி ஏற்றும்போது டிரெய்லர் நகர மறுக்கிறது. ஹிட்ச் தவறா?

முதல் வருடம் எனக்கும் இது நடந்தது. எங்கள் வீட்டு முற்றம் தெருவிலிருந்து மேல்நோக்கி ஏறும். டிரெய்லரைப் பின்னால் தள்ளினால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நின்றன. வண்டி உறுமியது, கருகல் வாடை வந்தது. கியர்பெட்டி போய்விட்டது என்று பயந்து ஒரு பட்டறைக்குப் போனேன். அவர்கள் கியர் எண்ணெயை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாளும் அதே கதை.

படகுத்துறையில் இருந்த ஒரு கிழவர் என் மின்செருகியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். டிரெய்லரில் ஐந்து முனை, நான் கடையில் வாங்கிப் போட்டிருந்த இணைப்பியில் நான்கு. விட்டுப்போன அந்த ஐந்தாவது கம்பிதான், பின்னோக்கிக் கியர் போட்டதும் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை டிரெய்லருக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு வால்வை மூடவைக்கிறது. வால்வு மூடினால் சர்ஜ் பிரேக் பிடிக்காது. கம்பி இல்லாவிட்டால், பின்னால் தள்ளும்போதும் கூடு நழுவி பிரேக் பிடித்துக்கொள்கிறது. டிஸ்க் பிரேக் இருக்கும் டிரெய்லருக்கு இந்த வால்வு இல்லாமல் முடியாது. பழைய டிரெய்லர்கள் சிலவற்றில் கையால் செருகும் முளை ஒன்று இருக்கும். புதிய ஹிட்ச் வாங்கும்போது மின்இணைப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

பின்புறம் தாழ்கிறது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் என்ற காற்றுப்பை போட்டால் போதாதா?

வண்டி மட்டமாகத் தெரியும். முன் அச்சிலிருந்து போன எடை திரும்பி வராது.

பால் எந்த அளவு?

கப்ளரின் மேலேயே எழுதியிருக்கும். இந்த எடைக்கு இரண்டு அங்குலமோ 2-5/16 அங்குலமோ தான் வரும். கனம் கூடும்போது பெரியதை விரும்புகிறேன், ஆனால் என் விருப்பத்துக்கு இங்கே இடமில்லை. கப்ளர் கேட்பதைத்தான் கொடுக்க வேண்டும். ஒரே அளவுப் பாலிலும் தண்டின் தடிமனுக்கேற்பத் தாங்கும் எடை மாறும், பாலின் தலையில் பொறித்ததைப் பாருங்கள்.

பெரிய கப்ளருக்குள் இரண்டு அங்குலப் பால் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், பூட்டும் மூடிக்கொள்ளும், முதல் மேட்டில் துள்ளி வெளியே வந்துவிடும். பூட்டிய பிறகு ஏர்க்காலின் ஜாக்கியைச் சுற்றித் தூக்குங்கள். வண்டியின் பின்புறமும் கூடவே எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. அரை நிமிட வேலை. நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

பால் மவுண்டின் உயரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் அடிவரை அளங்கள். வண்டியில் தரையிலிருந்து ரிசீவர் துளையின் உள்மேற்புறம் வரை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், பால் மவுண்ட் எவ்வளவு தாழ வேண்டும் என்பது தெரியும். பாரம் ஏறியதும் வண்டி கொஞ்சம் அமிழும், அதையும் விட்டுவைக்காதீர்கள். ஒற்றை அச்சு டிரெய்லர் சற்றே மூக்கைத் தாழ்த்தினால் பரவாயில்லை. இரட்டை அச்சில் மூக்கு தூக்கினால் பின் அச்சின் டயர்கள் அதிகம் சுமக்கும், சூடாகும், ஒருநாள் நெடுஞ்சாலையோரம் உங்களை உட்காரவைக்கும்.

இரண்டரை அங்குலத் துளைக்கு இரண்டு அங்குலக் குறுக்கி போடலாமா? நீட்டிப்பு?

குறுக்கி போடலாம், ஆனால் அதில் எழுதியிருக்கும் எடையும் சங்கிலியில் ஒரு கண்ணி என்பதை நினைவில் வையுங்கள். நீட்டிப்பு வேண்டாம். பால் பின்னால் போகப்போக மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு மோசமாகும். பின்கதவு ஜாக்கியில் இடிக்கிறது என்றால் ஜாக்கியை மாற்றுங்கள்.

பிண்டில் கொக்கி, கூஸ்நெக் பற்றி?

பிண்டில் என்பது ராணுவத்திலும் கட்டுமான வேலையிலும் பார்க்கும் தாடை போன்ற கொக்கி, டிரெய்லரில் ஒரு வளையம். பலம் உண்டு, ஆனால் வளையம் ஆடும் இடைவெளியில் தடதடக்கும். ஊரில் டிராக்டர் பெட்டியை ஆணி குத்திக் கோத்து ஓட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள்; அந்த ஆட்டம் வயலுக்குப் போகும் வேகத்தில் பாதகமில்லை, நெடுஞ்சாலையில் எரிச்சல். கூஸ்நெக் பிக்கப்பின் தொட்டிக்குள் பூட்டுவது. மிகப் பெரிய படகுகளுக்குத்தான் தேவைப்படும்.

ஒன்டாரியோவில் சட்டம் என்ன கேட்கிறது?

மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லருக்குப் போதிய பிரேக் இருக்க வேண்டும். இணைப்பு தனித்தனியாக இரண்டு வகையில் இருக்க வேண்டும், அதாவது ஹிட்ச் ஒன்று, காப்புச் சங்கிலி ஒன்று. சங்கிலிகளை ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் தொட்டில்போல் தாங்கும். சாதாரண ‘ஜி’ ஓட்டுநர் உரிமத்தில் இழுக்கப்படும் வாகனம் 4,600 கிலோவுக்குள்ளும், எல்லாம் சேர்ந்து 11,000 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். 2.6 மீட்டரைவிட அகலமான படகுக்குத் தனி அனுமதி வேண்டும்.

இதோடு வண்டியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளையும் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு என்று அதில் இருக்கும். முன்பாரம் அதற்குள் அடங்க வேண்டும். 1,500 என்று இருந்தால் 685 போக மிச்சம் 815. பெரியவர்கள் நால்வர் ஏறினால் சோற்றுப் பொதிக்கு மட்டும்தான் இடம்.

இறங்குதுறையில் ஹிட்சுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

எடைப் பகிர்வுக் கம்பிகள் இருந்தால் இறங்குவதற்கு முன், மட்டமான இடத்திலேயே கழற்றிவிடுங்கள். சரிவில் வண்டியும் ஏர்க்காலும் மடங்கும் கோணத்தில் அவற்றின்மேல் விழும் இழுவிசை கடுமையானது. மின்செருகியையும் பிடுங்கிவிடுங்கள்.

இங்கே ஏரி நன்னீர்தான். இரும்பைத் தின்பது குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு. அக்டோபரில் படகை ஏற்றி வைத்ததும் பின்னை உருவி, பால் மவுண்டை வெளியே எடுத்து, துடைத்துக் கிரீஸ் பூசிக் கொட்டகையில் வையுங்கள். ஒரு வருடம் நான் சோம்பலில் விட்டுவிட்டேன். மே மாதத்தில் அதை வெளியே எடுக்க சம்மட்டி, துரு கழற்றும் எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரர், ஒரு முழுச் சனிக்கிழமை எல்லாம் தேவைப்பட்டன.